பலூன் பெட்டிகள் இருந்த அறை

எங்கள் கடையை மூடிய அன்று என் கணவர் ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியைக் கட்டடக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதோடு முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் ஒரு டெம்போ வாசலில் வந்து நின்றது. கடையில் இருந்த சரக்கு மொத்தமும் அட்டைப்பெட்டிகளில் அதற்குள் அடுக்கியிருந்தது.

பிறந்தநாள் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை அது. பலூன், தோரணம், மினுக்கும் எழுத்துகள், எண் வடிவ மெழுகுவத்தி, காகிதத் தொப்பி. மொபைல் உதிரிப் பொருள்கள் விற்கும் கம்பெனியில் பதினைந்து வருடம் சேல்ஸ்மேனாக அலைந்தவர், சொந்தமாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்று பெங்களூரில் கம்மனஹள்ளியில் அதைத் தொடங்கினார். முதல் வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு அதே சாலையில் இன்னும் இரண்டு கடைகள் வந்தன. போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் பலூன் வீட்டுக்கே வர ஆரம்பித்தது. மூன்றாவது வருடம் கடை வாடகைக்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். மூடும்போது ஒரு வங்கிக் கடன், இரண்டு கிரெடிட் கார்டு, குடியாத்தத்தில் இருக்கும் என் அண்ணி கொடுத்த ஒன்றரை லட்சம் என்று கடன் மிச்சமிருந்தது.

அப்போது காக்ஸ் டவுனில் இரண்டு படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பக்கத்தில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பெரியவள் பதினோராம் வகுப்பு. சின்னவளுக்கு எட்டு வயது. டெம்போவில் வந்த பெட்டிகள் பெண்களின் அறைக்குள் போயின. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேல், ஜன்னலை மறைத்துக்கொண்டு. பெண்கள் இருவரும் எங்கள் அறைக்கு வந்துவிட்டார்கள். கணவர் ஹாலில் படுத்தார். பால்கனியில் பலூனுக்குக் காற்றடைக்கும் ஹீலியம் சிலிண்டர் ஒன்று, மேலே பழைய பெட்ஷீட் போர்த்தி நின்றது. தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ ஒளிந்துகொண்டு நிற்பதாக நினைப்பார்கள்.

"ஆறு மாசம். வேற நல்ல இடமா பாத்து திரும்பப் போட்டுடலாம்" என்றார்.

ஹென்னூர் பக்கம் ஒரு அப்பார்ட்மென்டில் அவருக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஆறு மாதம் ஒரு வருடமானது. இரண்டு சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போனது. மீதியில் வீட்டை ஓட்ட முடியாமல் மறுபடியும் கார்டைத் தேய்த்தோம். அந்தப் பெட்டிகளைப் பற்றி நான் பேச்செடுத்தால் எழுந்து குளிக்கப் போய்விடுவார். ஒரே நாளில் மூன்று தடவை குளித்திருக்கிறார்.

அண்ணி கடனைப் பற்றி மட்டும் எனக்கு அவ்வளவு கவலை இருக்கவில்லை. இதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அது சீட்டு எடுத்த பணம் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். வட்டி கிடையாது. ஒருநாளும் போன் செய்து கேட்டதில்லை. கேட்காதவருக்குக் கடைசியில் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

அந்த வருடம் ஆம்பூரில் ஒரு உறவுக்காரக் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்தார். ரசம் ஊற்ற வந்தவருக்காகக் கையை நகர்த்தியபோது அவருடைய வளையல்களைப் பார்த்தேன். நாலு வளையல், எப்போதும் போடுகிற அதே டிசைன். ஆனால் மணிக்கட்டின் உட்பக்கம் படும் இடத்தில் பொன்னிறம் போய்ச் செம்பு தெரிந்தது. தோலில் லேசாகப் பச்சை படிந்திருந்தது.

"அண்ணி, இது கவரிங்கா?"

"மெதுவா பேசு."

"தங்க வளையல் எங்க?"

அவர் இலையில் இருந்த அப்பளத்தை உடைத்தார். "கடையிலதான் இருக்குது. பத்திரமா இருக்குது."

"எந்தக் கடையில?"

அப்பளத்தை வாயில் போட்டுக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. சீட்டு என்று ஒன்று இருக்கவே இல்லை. வளையல்களை அடகு வைத்துத்தான் எங்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்.

"வட்டி யார் கட்றா?"

"நான்தான். ஜாக்கெட்டு தைக்கிறேன் இல்ல, அதுல வருது. உங்க அண்ணனுக்குத் தெரியாது. திருட்டு பயம், லாக்கர்ல வச்சிட்டேன்னு சொல்லியிருக்கேன். நீ பேசாம சாப்பிடு கண்ணு, பாயசம் வருது."

மூன்று வருடமாக அவர் முதுகு வலிக்க மிஷின் மிதித்து எங்களுடைய பலூன்களுக்கு வட்டி கட்டியிருக்கிறார்.

பெங்களூர் திரும்பியதும் கணவரிடம் சொன்னேன். அவர் குளிக்கப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து எவ்வளவு கடன் இருக்கிறது என்று முழுக்கச் சொல்லிவிட்டோம். சின்னவளுக்குப் பாதி புரியவில்லை. பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, அந்த ரூம்ல நாங்க யாருமே தூங்கல. அப்ப ரென்ட் யாருக்குக் கட்றோம்? டப்பாங்களுக்கா?"

அவர் முகம் மாறிவிட்டது. "நாளைக்கே கடை போட்டா சரக்குக்கு எங்க போறது? இருக்கிறத வச்சித்தான் ஆரம்பிக்கணும்" என்றார்.

"சரிப்பா. ஒரு தடவ திறந்து பாக்கலாமா? நல்லா இருக்கான்னு?"

திறந்து பார்த்தோம். ஒரு வருடத்துக்கும் மேல் ஜன்னல் மூடிக் கிடந்த அறை. முதல் பெட்டியில் சிவப்பு பலூன்கள். பாக்கெட்டைக் கிழித்து அவர் ஒன்றை எடுக்கப் பார்த்தார். ஒன்று வரவில்லை, மொத்தமும் சேர்ந்து வந்தது. ரப்பர் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் போல ஒரே கட்டியாக இருந்தது. அடுத்த பெட்டியில் நீலம். அதுவும் அப்படியே. அவர் ஆறு பெட்டி வரைக்கும் திறந்தார். ஏழாவதைத் திறக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் மூன்று பேரும் கதவருகே நின்றோம். கையில் இருந்த ரப்பர் கட்டியை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்ளோ நாள் காவல் காத்தேன்."

அவர் குரலில் அழுகை இல்லை. முதுகில் இருந்து மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டது போல ஒரு களைப்பு இருந்தது. அன்று மத்தியானமே ரப்பர் கட்டிகளை எல்லாம் குப்பை வண்டிக்கு எடுத்து வைத்தார். மறுநாள் மீதிப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சிவாஜிநகருக்குப் போனோம். எங்களுக்கு ஆரம்பத்தில் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரிக்கு அங்கே ஒரு சந்தில் கடை இருந்தது. வயதானவர். ஒவ்வொரு பெட்டியாகக் கிண்டிப் பார்த்தார்.

"ஃபாயில் எழுத்து, சீரியல் லைட்டு, பேனரு எடுத்துக்கறேன். தொப்பி வேணாம், இப்ப பசங்க போடறதில்ல. போட்ட காசுல மூணுல ஒரு பாகம் தருவேன், பரவால்லியா?"

கணவர் தலையாட்டினார்.

"கம்மின்னு நினைக்காத பா. நானும் ஒரு தடவ கடை மூடியிருக்கேன், அப்ப எனக்கு இதுகூட கெடைக்கல" என்று சொல்லிவிட்டு, இரண்டு டீ வரவழைத்தார். அந்த டீயைக் குடிக்கும்போதுதான் கணவர் தாமாகவே சிலிண்டர் பேச்சை எடுத்தார். அது நாங்கள் வாங்கியதே இல்லையாம். வாடகைச் சிலிண்டர். பால்கனியில் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நின்ற அந்த இரும்புக்கு மாதாமாதம் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. அந்த வாரமே திருப்பிக் கொடுத்தோம். கட்டியிருந்த டெபாசிட்டில் பாக்கியைக் கழித்துக்கொண்டு கொஞ்சம் கையில் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இன்னும் எத்தனை வருடம் நின்றிருக்குமோ, இன்றோடு போனதே என்றுதான் இருந்தது.

காலியான அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, இந்த அறையே நமக்கு வேண்டாமே என்று தோன்றியது. என்னோடு வேலை செய்யும் டீச்சர் ஒருவர் மூலம் மர்பி டவுனில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. ஒரு ஹால், ஒரு அறை, ஒரு ஆள் நிற்கும் சமையலறை. வாடகை பாதிக்கும் கீழே. பெங்களூரில் வீடு பிடிக்கும்போது கொடுக்கிற பெரிய அட்வான்ஸ் தொகை எங்களுக்குக் காக்ஸ் டவுன் வீட்டுக்காரரிடம் கிடந்தது. காலி செய்தால் அது கைக்கு வரும். வீட்டுக்காரர் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். "பேஜார் மாட்கோபேடிம்மா" என்றார். வருத்தப்படாதீங்கம்மா என்று. எனக்கு வருத்தமே இல்லை என்று அவரிடம் கன்னடத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சிரித்துவைத்தேன்.

அந்தப் பணத்தோடு முதலில் அண்ணிக்குத்தான் போன் செய்தேன்.

"வளையல மீட்டுடலாம் அண்ணி. நாளைக்கே அனுப்பறேன்."

"கார்டுக்கு வட்டி எவ்ளோ?" என்று கேட்டார். சொன்னேன்.

"அடகு வட்டியவிட ரெண்டு மடங்குக்கு மேல இருக்குது. உனக்குக் கணக்கு வராதா, பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர? மொதல்ல அத அடை. என்னுது எங்கயும் ஓடிப் போவாது. வேணும்னா மாச வட்டிய மட்டும் நீ அனுப்பு."

அப்படியே செய்தோம். இரண்டு கார்டுகளையும் அடைத்து, கத்தரிக்கோலால் நறுக்கினோம். சின்னவள் அந்தத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, பொம்மை வீட்டுக்கு ஓடு போட்டாள்.

சின்ன வீட்டுக்கு எதை எடுத்துப் போவது என்பதில்தான் சண்டையெல்லாம் வந்தது. ஆளுக்கு ஒரு பெட்டி என்று பெரியவள் சட்டம் போட்டாள். அதற்கு மேல் இருப்பதை விற்க வேண்டும், இல்லை கொடுத்துவிட வேண்டும். சோபா, டைனிங் டேபிள், வாஷிங் மெஷின் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. டைனிங் டேபிளை வாங்க வந்த இளம் தம்பதி, அதைத் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, கடைசியில் நான்கு நாற்காலிகளிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். நாங்கள் ஒருநாளும் அதில் நாலு பேராகச் சேர்ந்து சாப்பிட்டதில்லை. ஒரு பக்கம் துணி குவிந்திருக்கும். மறுபக்கம் பில்கள். அவர்களாவது சாப்பிடட்டும் என்று இருந்தது.

என் பங்குக்கு நான் மல்லுக்கட்டியது பாத்திரங்களுக்காக. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடங்கள், ஒரே மாதிரி மூன்று இட்லிக் குண்டான்கள், திருப்பிக் கொடுக்க மறந்த யார் யாருடையதோ டப்பாக்கள். அவற்றைப் பழைய பாத்திரக் கடைக்கு எடைக்குப் போட்டேன். பூப்போட்ட பீங்கான் தட்டு செட் ஒன்று மட்டும் பெட்டி பிரிக்காமலே இருந்தது. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த செட். "இத விக்கலாமா?" என்றாள் பெரியவள். மனசு வரவில்லை. வேறு ஒன்று செய்தோம். தினமும் சாப்பிடுகிற தட்டுகளைக் கொடுத்துவிட்டு, பீங்கான் தட்டை எடுத்துவந்தோம். மர்பி டவுன் வீட்டில் முதல் வேளை பூப்போட்ட தட்டில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். தரையில் வட்டமாக, நாலு பேரும்.

அதன் பிறகு வந்த இரண்டரை வருடத்தைச் சிக்கனம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அது நாள்தோறும் நடந்த விஷயம். அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் நானும் பெண்களும் ஆட்டோவை மறந்தோம். கணவர் சேல்ஸ்மேனாக இருந்தபோது வாங்கிய காரை விற்று, பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினோம். காய்கறி வாங்க அல்சூர் மார்க்கெட்டுக்கு மாலையில் போவேன். கடை கட்டும் நேரத்தில் கத்தரிக்காயும் கீரையும் கூறு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மட்டன் மாதம் ஒரு முறை. வெளியிலிருந்து சாப்பாடு வரவழைப்பதை நிறுத்தியதுதான் பெண்களுக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்காக என் கணவர் வெள்ளிக்கிழமைதோறும் தோசைக்கல் முன்னால் நின்றார். முதல் மாதம் வந்த தோசைகளைப் பற்றி எழுதாமல் இருப்பது நல்லது. இப்போது அவர் போடும் வெங்காய ஊத்தப்பத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகூடப் பிள்ளைகள் வருகிறார்கள்.

சின்னவளின் பத்தாவது பிறந்தநாள் வந்தது. அலங்காரக் கடைக்காரர் மகளுக்கு ஒன்றுமே இல்லாமல் எப்படி என்று கணவருக்குத் தவிப்பு. "ஒரு பாக்கெட் பலூன் வாங்கிட்டு வரட்டுமா கண்ணு?" என்றார்.

"ஐயோ அப்பா, பலூன் மட்டும் வேணாம்பா. போதும்பா" என்றாள் அவள், பெரிய மனுஷி மாதிரி.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கடை மூடிய பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அன்று கேசரி செய்து, அதன் மேல் ஒரு மெழுகுவத்தியைக் குத்தினோம்.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. பெரியவளின் பையைத் துவைக்க எடுத்தபோது மடித்த தாள் ஒன்று கிடைத்தது. ஹம்பிக்குக் கல்லூரிச் சுற்றுலா, பணம் கட்டக் கடைசித் தேதி மறுநாள். எங்களிடம் அவள் சொல்லவே இல்லை.

"எனக்கே போகப் பிடிக்கலம்மா. பஸ்ல போறது போர்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மாதத் தவணைக்கு மேல் கூடுதலாகக் கட்ட எடுத்து வைத்திருந்த பணம் பீரோவில் இருந்தது. நானும் கணவரும் சமையலறையில் நின்று பேசினோம். பேச்சு ஒரு நிமிடம்கூட நீளவில்லை. கடன் ஒரு மாதம் தள்ளி முடிந்தால் முடியட்டும் என்று அவளை அனுப்பிவைத்தோம். வெயிலில் கறுத்து, தொண்டை கட்டி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே திரும்பி வந்தாள். அந்தப் பணத்தை வேறு எதில் போட்டிருந்தாலும் எனக்கு இவ்வளவு நிம்மதி கிடைத்திருக்காது.

வங்கிக் கடன் முடிந்த அன்று, பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். கணவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, தப்பாக வேறு யாருடையதையாவது கொடுத்துவிட்டார்களோ என்று கவுன்டரில் திரும்பவும் கேட்டாராம். அதற்குப் பிறகு அதே தவணைத் தொகையை மாதாமாதம் வளையலுக்காக எடுத்து வைத்தோம்.

இந்த வருடம் கோடை விடுமுறையில் நாலு பேரும் காலை ரயிலில் குடியாத்தம் போனோம். ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி வாங்கப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, நானும் அண்ணியும் அடகுக் கடைக்குப் போனோம். பணத்தைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டதும், உள்ளேயிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து வந்தார்கள். அண்ணி நாலு வளையலையும் எண்ணிப் பார்த்தார். கவரிங்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். கடைசி வளையல் சட்டென்று ஏறவில்லை.

"கை பெருத்துடுச்சி" என்றார்.

"தையல் மிஷின் மிதிச்சா காலுதானே பெருக்கணும்" என்றேன்.

இருவரும் கடைக்காரர் பார்க்கும்படி சிரித்தோம். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஊரிலிருந்தே வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. "வெயில் ஏறுது, வா. நிஜமாவே லைனிங் துணி வாங்கணும், மறந்துட்டேன்" என்று முன்னால் நடந்தார்.

மத்தியானம் அண்ணன்தான் பரிமாறினார். அண்ணியின் கையைப் பார்த்துவிட்டு, "என்னா, லாக்கர்லேருந்து எடுத்துட்டியா?" என்றார்.

"எடுத்தேன். போட்டுக்கத்தானே வாங்கனது" என்றார் அண்ணி.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குக் குழம்பு ஊற்றினார். பல வருடங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டாவது தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்தார். கணவரும் பெண்களும் பிளாட்பாரத்தில் முன்னால் போய்விட்டார்கள். அண்ணன் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சிதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமாண்ணா?"

"கவரிங்குக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? அவ சொல்லல, நானும் கேக்கல. நீ கஷ்டத்துல இருந்த. அதுல நான் வேற என்னாத்த கேக்கறது." பிறகு கொஞ்சம் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லிடாத. ஒளிச்சி வச்சிட்டோம்னு இத்தன வருஷம் சந்தோஷமா இருந்துட்டா."

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் கணவரிடம் சொன்னேன். ஆம்பூர் தாண்டும்வரை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சின்னவள் என் மடியில் தூங்கிப்போனாள். பெரியவள் காதில் இயர்போன். டீக்காரர் வந்தபோது கணவர் நாலு டீ வாங்கினார். தூங்குகிறவளுக்கும் சேர்த்துத்தான். அதையும் அவரே குடித்தார்.

"அடுத்த மாசம் சம்பளம் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ண வேணாம். ஒரு மாசம் அப்படியே கிடக்கட்டும்" என்றேன்.

அவருக்கு அது பிடித்திருந்தது. காலை நீட்டி, எதிர் சீட்டில் வைத்துக்கொண்டார். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடிக்கலாமா என்று கேட்டார். பிடிக்கலாம் என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.